பேஸ்பால் அட்டைகள்: சேகரிப்பும் விலைமதிப்பும்

பேஸ்பால் அட்டை, அமெரிக்காவில் 1880களில் சிகரெட் பாக்கெட்டுக்குள் இலவச இணைப்பாகப் பரவத் தொடங்கியது. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் விளம்பரமோ ஆட்டக் கணக்கோ அச்சிட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் கெட்டிக் காகிதம் அது. இன்று கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டு அட்டைச் சந்தைக்கு அதுவே வேர். அச்சிட்ட நிறுவனங்களைவிட, அட்டைகளைப் பத்திரப்படுத்தியவர்களும் பட்டியலிட்டவர்களுமே இந்த வரலாற்றில் முக்கியமானவர்கள்.

அக்காலத்தில் சிகரெட்டுகள் மெல்லிய தாள் உறையில் வந்தன. அவை நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டைத் துண்டு வைப்பார்கள். வெறும் அட்டையாக வைப்பதற்குப் பதில் அதில் படம் போட்டால் வாடிக்கையாளர் மீண்டும் தேடி வருவார் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. ரிச்மண்ட் நகரின் ஆலன் அண்ட் ஜின்டர் 1887இல் வெளியிட்ட 50 அட்டைத் தொகுதியில் 10 பேர் பேஸ்பால் ஆட்டக்காரர்கள். மற்றவர்கள் மல்லர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், துடுப்புப் படகோட்டிகள், குறி தவறாமல் சுடுவதில் பெயர்பெற்ற ஆனி ஓக்லி போன்றோர். 1890இல் பெரிய சிகரெட் நிறுவனங்கள் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி என்ற ஒரே குடையின்கீழ் வந்ததும் போட்டி ஒழிந்தது, அட்டைகளும் அருகிப்போயின.

பின்னர் அட்டைகள் திரும்பியபோது, 1909 முதல் 1911 வரை அதே நிறுவனம் வெளியிட்ட 500க்கும் மேற்பட்ட அட்டைகளின் தொகுதியில்தான் ஹோனஸ் வாக்னர் இடம்பெற்றார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரான அவர், தம் படத்தை அச்சிட வேண்டாம் என்று தடுத்துவிட்டார். சிறுவர்கள் அட்டைக்காகச் சிகரெட் வாங்குவதை விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். உரிய பணம் தரப்படவில்லை என்பது மற்றொன்று. அவர் தடுப்பதற்குள் வெளியே போயிருந்தவற்றில் ஐம்பது அறுபது அட்டைகளே இன்று எஞ்சியுள்ளன.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முடங்கிவந்த அவர், 1930களின் இறுதியில் அட்டைகளுக்கான முதல் விரிவான விலைப்பட்டியலை வெளியிட்டார். வாக்னர் தொகுதியை இன்றும் சேகரிப்பாளர்கள் டி206 என்றே சொல்கிறார்கள். அது அவர் இட்ட எண். வாக்னர் அட்டைக்கு அவர் குறித்த விலை 50 டாலர். அப்போது அது சேகரிப்பாளர்களையே மலைக்கவைத்த தொகை. தம்மிடமிருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்துண்டுகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் காலமானார். பின்புறம் பசை பட்ட அட்டைக்கு இன்றைய சந்தையில் மதிப்பு வெகுவாகக் குறையும். பர்டிக்குக்கு அது பொருட்டாக இருந்திருக்காது. அவர் சேர்த்தது விற்பதற்கு அல்ல, அடுத்த தலைமுறை பார்ப்பதற்கு.

1930களில் அட்டை சிகரெட்டை விட்டு பபிள்கம்முக்கு மாறியது. சேகரிப்பு பிள்ளைகளின் உலகமானது. பாஸ்டனின் கௌடி நிறுவனம் 1933இல் 240 எண்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. அதில் 106ஆம் எண் அட்டையை அச்சிடவே இல்லை. விடுபட்ட எண்ணைத் தேடி பிள்ளைகள் பபிள்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார்க் கடிதங்கள் குவிந்த பிறகு, 1934இல் ஆட்டக்காரர் நாப் லாஜோயின் படத்தோடு அந்த அட்டையை அச்சிட்டு, எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பிவைத்தார்கள். பிள்ளைகளிடம் காட்டிய அந்தத் தந்திரத்தை நியாயப்படுத்த முடியாது. அந்த லாஜோய் அட்டை இன்று பெரும் விலை போகும் அரிய பொருள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புரூக்ளினின் டாப்ஸ் நிறுவனம் முன்னணிக்கு வந்தது. அங்கு வேலை பார்த்த சை பெர்கர், 1951 இலையுதிர் காலத்தில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் சகஊழியர் ஒருவரோடு உட்கார்ந்து 1952ஆம் ஆண்டுத் தொகுதியை வடிவமைத்தார். வண்ணப் படம், அணிச் சின்னம், கையெழுத்து, பின்புறம் ஆட்டக் கணக்கு என அவர் வகுத்த அமைப்பு அப்படியே நிலைத்துவிட்டது. அந்தத் தொகுதியின் கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது ஆட்டப் பருவம் முடியும் தறுவாய், சரக்கு தேங்கியது. கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றி, நியூஜெர்சிக்கு அப்பால் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பிற்காலத்தில் சொன்னார். கொட்டியவற்றில் 311ஆம் எண்ணும் இருந்தது. அது புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் அட்டை. அவருடைய அறிமுக அட்டை அதுவல்ல. முந்தைய ஆண்டே பௌமன் நிறுவனம் அதை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் சேகரிப்பாளர்கள் 1952 அட்டையையே உச்சியில் வைக்கிறார்கள்.

1979இல் புள்ளியியல் அறிஞர் ஜேம்ஸ் பெக்கெட் இணைந்து தயாரித்த விலைக் கையேடு வந்தது. அட்டைக்கு விலை உண்டு என்பது வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது. 1980களின் இறுதியில் நிறுவனங்கள் கணக்கில்லாமல் அச்சிட்டன; பெற்றோர்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே பரணில் வைத்தார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாகுமா? அந்தப் பெட்டிகளில் பல இன்றும் வாங்கிய விலைக்குக்கூடப் போவதில்லை. 1994ஆம் ஆண்டு ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் சந்தையை மேலும் வீழ்த்தியது.

விலையை இன்று தீர்மானிப்பது தரநிர்ணயம். 1991இல் பிஎஸ்ஏ நிறுவனம் தொடங்கிய முறையில், வல்லுநர்கள் அட்டையை உருப்பெருக்கியில் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, பிரித்தால் தடயம் தெரியும் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறார்கள். பார்ப்பவை நான்கு: நான்கு முனைகளின் கூர்மை, ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம். இருபுற வெள்ளை ஓரங்களும் ஏறத்தாழ 55க்கு 45 என்ற அளவுக்குள் ஒத்திருந்தால்தான் முழு மதிப்பெண்ணுக்கே இடம். ஒரு முனையில் காகித இழை லேசாகப் பிரிந்திருந்தாலே மதிப்பெண் இறங்கும், விலை பல மடங்கு சரியும். ஓரம் வெட்டிச் சீர்செய்யப்பட்டது தெரிந்தால் மதிப்பெண்ணே கிடையாது.

பிஎஸ்ஏ முதன்முதலில் மதிப்பெண் இட்ட அட்டை, ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி இன்னொருவரோடு கூட்டாக 1991இல் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்த வாக்னர். அதற்கு 8 கிடைத்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆனால் அதன் முன்னாள் உரிமையாளரும் ஏல நிறுவனம் நடத்தியவருமான பில் மாஸ்ட்ரோ, அட்டையின் ஓரத்தைத் தாமே வெட்டியதாக 2013இல் மோசடி வழக்கொன்றில் ஒப்புக்கொண்டார். இத்துறையின் நம்பிக்கைக்கு விழுந்த மிகப் பெரிய அடி இதுவே.

விலைகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. 1991இல் 50,000 டாலருக்கு வாங்கப்பட்ட ஒரு மேன்டில் அட்டை 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதுவரை எந்த விளையாட்டு நினைவுப்பொருளும் எட்டாத விலை. இப்போது நிறுவனங்களே ஒற்றைப் பிரதி அட்டைகளை அச்சிட்டுப் பாக்கெட்டில் கலந்துவிடுகின்றன. பிட்ஸ்பர்க் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் தம் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையில் இருந்த, அறிமுகத்தைக் குறிக்கும் சின்னத்தைப் பதித்து, அவர் கையெழுத்தும் இட்ட அத்தகைய அட்டை ஒன்று 2024 கிறிஸ்துமஸ் அன்று 11 வயதுச் சிறுவனின் கையில் கிடைத்தது. மாற்றாக 30 ஆண்டுகளுக்கு ஆட்டங்களைப் பார்க்கும் அனுமதிச்சீட்டு தருவதாக அணி நிர்வாகம் முன்வந்தது. குடும்பத்தார் ஏலத்தையே தேர்ந்தெடுத்தார்கள். 2025 மார்ச்சில் அது 11 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.