மைனரும் ஏ-40உம்: எது முந்தும்?

எங்கட வீட்டில் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 சொமசெற்றா, சின்ன அப்பப்பாவின் மொறிஸ் மைனரா, எது கூடுதலாக ஓடும்? இரண்டு காரும் கைமாறி எத்தனையோ வருசம். வழக்கு மட்டும் மிஞ்சியிருக்கு. நான் வரலாறு படிக்கிறேன் என்பதால் தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியை உருவாக்கியவரும் அவர்தான். தொடக்கத்தில் 918 சிசி எஞ்சின், 27.5 குதிரைவலு. 1950இல் 'த மோட்டர்' சஞ்சிகை ஓட்டிப் பார்த்தபோது, நின்ற இடத்திலிருந்து மணிக்கு 50 மைல் வேகத்தைத் தொட 29.2 செக்கன் எடுத்தது. உச்ச வேகம் 58.7 மைல். 1952இல் வந்த சொமசெற்றுக்கு 1200 சிசி, 42 குதிரைவலு. பாரம் கூட என்றாலும் 70 மைலுக்குக் கிட்டப் போகும். கடதாசியில் அப்பப்பாவுக்கே வெற்றி.

ஆனால் அதே 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கொம்பனியாக இணைந்தன. அதன்பின் மைனருக்குள் வைத்தது ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின். 1956இல் அது 948 சிசியாகி, மைனரும் 70 மைலைத் தாண்டியது. பகையாளியின் இதயத்தோடு ஓடின கார் என்று சொன்னால் சின்ன அப்பப்பாவுக்குக் கோபம் வரும். "வளைவில ஆர் பிறேக் பிடிக்காமல் போறான் எண்டதுதான் கதை" என்பார். அதிலும் ஞாயம் உண்டு. மைனரின் ஸ்ரியறிங் அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் பேர்போனது.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் இந்தக் கணக்கெல்லாம் பிழைத்துப்போனது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதைத் தாங்கின. புகையும் நாற்றமும் வேறு. 50 மைலுக்கு எத்தனை செக்கன் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. ஸ்ராட் வருமா என்பதுதான் கேள்வி.

1992இல் ஓர் இரவு மாமிக்குப் பிள்ளைப்பேற்று வலி. மைனர் ரயர் இல்லாமல் கல்லில் நின்றது. ஏ-40க்குள் மண்ணெண்ணெய் இருந்தது, ஸ்ராட் செய்யப் பெற்றோல் இல்லை. சின்ன அப்பப்பா ஒளித்து வைத்திருந்த சின்னப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். லைற் போடாமல், ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம்.

"எவ்வளவு நேரம் எடுத்தது மாமி?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? எஞ்சின் பிடிச்ச சத்தம் மட்டும் இப்பவும் காதுக்குள்ள கிடக்கு."

அந்த இரவு பிறந்த மச்சாளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

வேகத்தை அளந்த சஞ்சிகைகள் நல்ல றோட்டையும் நிறைந்த ராங்கியையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டன. எங்கட சனத்துக்கு இரண்டும் இருக்கவில்லை. ஆகவே தீர்ப்பு: ஏ-40.

சின்ன அப்பப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "பெற்றோல் என்ர மைனருக்கு வைச்சிருந்ததெல்லோ?" என்கிறார்.