வானளாவும் கோபுரங்களும் செஞ்சியின் சித்தாள்களும்

செஞ்சிக் கோட்டை என்றதும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளைச் சொல்வது வழக்கம். நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். சமார் திக்ரி என்றும் வரலாற்று நூல்களில் குறிக்கப்படுகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருப்பது செஞ்சி மட்டுமே. அதையொட்டிய கொண்டாட்டங்களில் மன்னர்களின் பெயர்கள் நிறைய ஒலித்தன. கல் சுமந்தவர்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதே செஞ்சி வட்டாரத்திலிருந்து இன்றும் கட்டட வேலைக்கு மக்கள் புறப்படுகிறார்கள். இன்றைய கோட்டைகள் சென்னையில் எழுகின்றன.

2011 கணக்கெடுப்பின்படி பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்ட மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. மாநில அளவில் இது 20 விழுக்காடு. நிலமற்ற உழைப்பாளிகள் மிகுந்த மாவட்டம் இது. மல்லாட்டை அறுவடையும் நெல் நடவும் முடிந்துவிட்டால் சேரிகளில் வேலை இல்லை. புதுச்சேரி - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை செஞ்சி வழியாகவே செல்கிறது. கிழக்கே திண்டிவனம் போனால் சென்னை, மேற்கே திருவண்ணாமலை தாண்டினால் பெங்களூரு. இரண்டு பெருநகரங்களின் கட்டுமானத்துக்கும் ஆள் அனுப்பும் ஊராகச் செஞ்சி ஆனதில் வியப்பில்லை.

சென்னையின் உயரம் தானாக வளரவில்லை, சட்டத்தால் வளர்க்கப்பட்டது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அடுக்குமாடி என வகைப்படுத்தும் உயர எல்லையை 18.30 மீட்டராக்கின. உயர்கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு 3.25 ஆனது. அதாவது ஒரு சதுர அடி மனையில் மூன்றேகால் சதுர அடி கட்டலாம். கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் கட்டலாம். உயரம் இவ்வாறு விற்பனைக்குரிய உரிமையாயிற்று. அந்த உயரத்தில் சாரம் கட்டி நிற்பவரின் பாதுகாப்பில் அதே அக்கறை காட்டப்படவில்லை.

2014 ஜூன் 28 மாலை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களே அவர்களில் பலர். அருகிலிருந்த இரண்டாவது கோபுரம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தச் சில நொடிகளைத் தொலைக்காட்சிகள் எத்தனை முறை காட்டின என்பது நமக்கு நினைவிருக்கிறது. தனித்தனியாக, ஒருவர் இருவராகச் சாரத்திலிருந்து விழுந்து சாகும் நாட்களில் எந்த ஒளிபரப்பும் இல்லை. காவல் நிலைய வாசலிலோ பிணவறை வாசலிலோ மேஸ்திரி மூலம் ஒரு தொகை பேசப்படுகிறது. உறவினர் வெற்றுத்தாளில் கையெழுத்திடுகிறார். உடல் ஊருக்கு வருகிறது.

இந்த இடத்தில்தான் சட்டத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டுமான நிறுவனம், ஒப்பந்ததாரர், உள்ஒப்பந்ததாரர், மேஸ்திரி என்பது வேலையின் சங்கிலி. தொழிலாளிக்குத் தெரிந்தது மேஸ்திரியின் கைப்பேசி எண் மட்டுமே. ஆனால் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் முதன்மை முதலாளியையே நேரடியாகப் பொறுப்பாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அக்கொள்கை தொடர்கிறது. ‘அவர் எங்கள் ஆள் இல்லை, உள்ஒப்பந்ததாரரின் ஆள்’ என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது.

மரணத்துக்கான கணக்கு எளிது: மாதக் கூலியில் பாதியை, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. 2020 ஜனவரி அறிவிக்கையின்படி கணக்கில் கொள்ளும் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆகவே 7,500ஐ 207.98ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும் சேரும். பிணவறை வாசலில் பேசப்படும் தொகையை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மரண வழக்குகளில் இழப்பீடு உரிய அதிகாரியிடம் வைப்பீடு செய்யப்பட வேண்டும். மூன்று மாதக் கூலி அளவிலான முன்பணம் தவிர, குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கருதப்படாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது. கையெழுத்திட்டுவிட்டோமே என்று ஒதுங்கிவிடும் குடும்பங்களிடம் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

நல நிதியின் கதை வேறு. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நலனுக்கென வசூலிக்கப்படுகிறது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, அதில் சுமார் 9,500 கோடியே செலவிடப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 19 தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி என்று அதைச் சொல்வதில் தவறில்லை. எனினும் பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும் சித்தாள் பெண்ணுக்கு, அவர் கட்டடத் தொழிலாளி என்று சான்றளிக்க ஆள் கிடைப்பதில்லை. கொத்தனாரின் பெயர் பதிவாகிறது. அவருக்குக் கலவை சுமந்தவர் ‘கூட வந்தவர்’ ஆகிவிடுகிறார்.

நிலத்தையும் பேசியாக வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டு ஆணை பிறந்தது. அந்தச் செங்கல்பட்டு மண்ணில்தான் பழைய மாமல்லபுரம் சாலையின் கோபுரங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியாயினர். பட்டியல் சாதியினர் அல்லாதாருக்குக் கைமாற்றுவது ஒதுக்கீட்டு நிபந்தனைகளுக்கு முரணானது. இடையில் எத்தனை பத்திரம் பதிந்திருந்தாலும் அந்தக் குறை தீராது. ஐயமுள்ள புல எண்ணுக்கு இன்றைய பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டைத் தேடுங்கள், பல மறைப்புகள் அங்கேதான் வெளிப்படும். நிலத்தைப் பறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம்.

நகரின் உள்ளே கூவக் கரையிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த உழைக்கும் மக்களுக்கும் அடுக்குமாடி கிடைத்தது. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும், வேலையிடத்திலிருந்து வெகு தொலைவில். புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் 2021இல் கைபட்டாலே பூச்சு உதிர்ந்ததை ஊரே பார்த்தது. உயரக் கட்டும் தொழில்நுட்பம் இல்லாமல் அது நேரவில்லை. யாருக்காகக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத் தரம் மாறுகிறது.

செயல்பாட்டாளர்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் நடைமுறைக் குறிப்பு ஒன்று. விபத்துச் செய்தி வந்தவுடன் முதல் தகவல் அறிக்கையின் நகல், பிணக்கூறாய்வுச் சான்று, மேஸ்திரியின் வருகைக் குறிப்பேடு, கைப்பேசி வழி வந்த கூலியின் பதிவு ஆகியவற்றைத் திரட்டுங்கள். பணியிட முகப்புப் பலகையைப் படமெடுங்கள். அதிலுள்ள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணைக் கொண்டு இணையத்தில் தேடினால் உண்மையான முதலாளியின் பெயரும் முகவரியும் கிடைத்துவிடும். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்பதில்லை. இறந்தவரின் குடும்பம் வசிக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமே தொடுக்கலாம். செஞ்சிக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை.