ஓடாத காருக்கு எதற்கு ஆயில்?

“மாதம் ஒருமுறை கடைவீதி வரைதான் ஸ்போர்ட்ஸ் காரை எடுக்கிறேன். ஆயில் எதற்கு சார் மாற்றணும்?” என்றான் பழைய மாணவன். வரலாற்று வாத்தியார் வேறென்ன செய்வேன்? 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். கதையைச் சொன்னேன்.

சிறகு போல மேலே திறக்கும் அதன் கதவைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு விஷயம் பம்பில். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாஷ் பம்ப், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சுழன்று நிற்கும்வரை பீய்ச்சும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலந்துவிடும். நெடுந்தூரம் ஓடினால் சூட்டில் ஆவியாகும். கடைவீதியோடு திரும்பினால் ஆகாது. ஆயில் நீர்த்துப்போய் எஞ்சின் தேயும். பந்தயத்துக்கென்று பிறந்ததை அலங்காரத்துக்கு வைத்தவர்களுக்குத்தான் செலவு அதிகம்!

தம்பி, உன் பம்ப் அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் குறுந்தூர ஓட்டத்தில் ஆயில் கெடும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.