தைப் புதுநெல்லும் அறச்சோறும்

உழவர் ஆண்டு முழுதும் பட்ட பாடு நெல்லாகி வீடு வந்து சேரும் திங்கள் தைத்திங்கள். அதன் முதல் நாளில் புதுப்பானையிற் புத்தரிசியிட்டுப் பொங்கிக் கதிரவனுக்குப் படைப்பதும், மறுநாள் ஏரிழுத்த மாட்டைக் குளிப்பாட்டி அதற்கும் ஊட்டுவதும் தமிழர் வழக்கம். கதிரவனுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நன்றி கூறும் விழா இஃது என்று மேடைதோறும் பேசப்படுகிறது. பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. விளைந்த நெல்லில் இல்லாதவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்னும் கணக்கு, பொங்கற்பானை அடுப்பேறுவதற்கு முன்பே களத்து மேட்டில் தீர்க்கப்பட்டு வந்தது என்பதே அச்செய்தி.

நெல்லைக் களத்தில் அளக்கும்போதே தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், மடை காப்போர், கணக்கர் ஆகியோர்க்குரிய பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. ‘சுதந்திரம்’ என்றும் ‘மேரை’ என்றும் அவற்றுக்குப் பெயர். அவரோடு கோயிலுக்கும் ஏரிக்கும் வழிப்போக்கர்க்குச் சோறிடும் சத்திரத்துக்கும் பங்கு உண்டு. செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து எழுதிய கணக்குகளில் இப்பங்குகள் ஊர்வாரியாகப் பதிவாகியுள்ளன. ஆகவே அறச்சோறு என்பது செல்வர் மனமிரங்கி எறிந்த பிச்சையாக மட்டும் இருந்ததில்லை; விளைச்சலின் மேல் ஏறிய முறையான கடனாகவும் இருந்தது. எனினும் அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ்ந்துவிடுதல் பொருந்தாது. களத்திற் பங்கு பெற்றோர் எல்லாரும் ஒத்த அளவிற் பெற்றாரில்லை. நெல்லை விளைவித்த பண்ணையாளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிறு பங்கே.

இவ்வழக்கின் பழமைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி ஆறுபோல் ஓடியதையும், அதில் எருதுகள் பொருது சேறாக்கியதையும், பின் தேரோடிப் புழுதி எழுந்ததையும் பட்டினப்பாலை கூறுகிறது. மணிமேகலையில் சிறைக்கோட்டமே அறக்கோட்டமாகிறது. புலவர் மிகைபடப் பாடியிருக்கலாம். ஆயினும், ஒரு நகரின் பெருமையைக் கூற வந்த புலவர் அதன் கஞ்சிப் பெருக்கையும் எடுத்துக்காட்டினார் என்பது கருதத்தக்கது.

அறச்சோறு எவ்வாறு நாள்தோறும் வழங்கப்பட்டது என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் ஆவணம் தஞ்சையில் எழுந்தது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. கோட்டையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு எஞ்சின. நாட்டை இழந்த மன்னர் 1801இல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு மடல் எழுதினார். அவர் அம்மடலில் வேண்டியது யாதெனில், தம் முன்னோர் இராமேசுவரப் பாதையில் கட்டிய சத்திரங்களையும் அவற்றுக்குரிய நிலங்களையும் தம் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்பதே.

சத்திரங்களில் நடந்தவற்றை மன்னர் விரிவாக எடுத்துரைக்கிறார். பார்ப்பனர் முதல் பறையர் ஈறாக வந்தவர் அனைவர்க்கும், யோகியர்க்கும் பைராகியர்க்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏலாதவர்க்கு அரிசியும் மளிகையும் அளக்கப்படும். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று கூவி அழைத்து, வந்தவர்க்குச் சோறிட்ட பின்னரே அன்றைய அடுப்பு அணையும். நோயுற்றோர்க்கு மருந்தும் பத்திய உணவும், கைக்குழந்தைகட்குப் பாலும் தரப்படும். பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து கல்வி பெறுவர். வழியில் இறந்தவர்க்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடனும் செய்யப்படும். சாதி வேற்றுமை அங்கே ஒழிந்துவிட்டது என்று கூறுதற்கில்லை. பந்தி வேறு வேறாகவே இருந்தது. ஆனால் பசித்து வந்தவன் எவனும் உண்ணாமல் திரும்பலாகாது என்னும் விதியில் விலக்கு இல்லை. அந்த நள்ளிரவு மணி ஒன்றே போதும், அவ்வறத்தின் உள்ளத்தைக் காட்டுதற்கு.

அடுத்த ஆண்டே, 1802இல், சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். ஆயினும் நூற்றாண்டு முடிவதற்குள் சத்திரங்களின் நிலை மாறியது. 1855இல் மரபுவழி அற்றுப்போகத் தஞ்சை முழுதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. சத்திரங்களும் அரசின் கணக்கிற்குட்பட்டன. நாகப்பட்டினத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1861இல் தஞ்சையை எட்டியது. 1914இல் பாம்பன் பாலத்தின் மேல் புகைவண்டி ஓடவே, நடந்து செல்லும் இராமேசுவர யாத்திரிகர் அருகினர். வழிப்போக்கனுக்கென எழுந்த அறம் வழிப்போக்கன் இன்றித் தளர்ந்தது. ஊரிலேயே பசித்திருந்தவனை நோக்கி அவ்வறம் திரும்பவில்லை.

ஊரிற் பசித்திருந்தவனை நோக்கித் திரும்பியவர் இராமலிங்க அடிகள். தென்னார்க்காட்டு வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து ஈந்த 80 காணி நிலத்தில், 1867 மே 23ஆம் நாள், அடிகள் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருகிறது. அடிகட்கு நாடில்லை, படையில்லை, மானிய ஊர்களும் இல்லை. பசித்தவர் எந்தச் சாதியர், எந்தச் சமயத்தார், எந்த நாட்டார் என்று வினவாமல் உணவளித்தலே கடவுள் வழிபாடு என்பது அவர் கொள்கை. தஞ்சைச் சத்திரம் எல்லார்க்கும் சோறிட்டது. வடலூர்ச் சாலை எல்லாரையும் ஒன்றாக வைத்துச் சோறிட எண்ணியது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

மன்னர் அறம் தளர, நாடில்லாத துறவியின் அறம் நிலைத்தது எவ்வாறு? தைத்திங்களில் வடலூர் செல்வோர் விடையைக் கண்ணாற் காண்பர். அறுவடை முடிந்த கையோடு தைப்பூசம் வருகிறது. அதனையொட்டிச் சுற்றுப்புற ஊரார் தம் நிலத்து அரிசியையும் காய்கறிகளையும் வண்டிகளில் ஏற்றிக் கொணர்ந்து தருமச்சாலையிற் சேர்க்கின்றனர். உள்ளூர் விளைச்சல் உள்ளூர் அடுப்புக்கு வருகிறது. வரவின் ஊற்று ஒருவர் கையில் இல்லாமையால் ஒருவரது வீழ்ச்சியால் அது வற்றவில்லை.

தருமச்சாலை தோன்றிப் பத்தாண்டு நிரம்புமுன் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்திற் பல இலட்சம் மக்கள் மாண்டனர். பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க 1877இல் அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று வரையறுத்தார். கடும் உழைப்பாளிக்கு இது போதாது என்று மாகாண நலவாழ்வு ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில திங்களில் அரசு அவ்வளவை உயர்த்த வேண்டியதாயிற்று. நள்ளிரவில் மணியடித்து அழைத்த நாட்டில், உயிர் போகாமலிருக்க எத்தனை அவுன்சு வேண்டும் என்னும் கணக்கு நுழைந்த காலம் அது. அந்நாளில் ஊரை விட்டுக் கடல் கடந்து பிழைக்கப் போனோர் மிகப் பலர். பர்மா, இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர் சென்ற வரலாற்றில் இப்பசிக்கும் பங்குண்டு.

இத்தகைய பெரும்பஞ்சத்தைத் தருமச்சாலை ஒன்று தீர்த்துவிட இயலாது என்பதையும் மறைத்தற்கில்லை. ஊர்க்கொடை ஊரளவே நீளும். நாடெங்கும் பரவிய பசிக்கு நாடளவில் வழி வேண்டும். 1920இல் சர் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில், மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட்டு நண்பகல் உணவு தரத் தீர்மானித்தது. பணமின்றி அம்முயற்சி சில ஆண்டுகளில் நின்றது. 1956இல் காமராசர் அதனை மாநில அளவில் மீண்டும் தொடங்கியபோது முதலிற் கை கொடுத்தது ஊர்மக்களே. அடுப்பில் உலையேற்றும்போது தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே கலயத்தில் இட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அவ்வழக்கின் வழியே அரிசியும் காயும் விறகும் பள்ளிக்கு வந்தன. பின்னர் அரசு மானியமும் சேர்ந்தது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரைப் பள்ளி ஒன்றில் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில், மாநிலம் முழுதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவாக்கப்பட்டது திருக்குவளையில். முன்னாளில் சத்திரங்கள் மிகுந்திருந்த காவிரிப் படுகையைச் சேர்ந்ததே அவ்வூரும்.