பட்டி நாயும் பள்ளிப் பிள்ளையும்

நாயை எப்படி நெருங்குவது, எப்படிப் பேணுவது என்று சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இன்று பள்ளி விழிப்புணர்வுக் கூட்டத்துக்குரிய பொருளாகிவிட்டது. கொங்கு நாட்டில், குறிப்பாக அந்தியூரைச் சுற்றிய மேட்டாங்காட்டு ஊர்களில், மூன்று தலைமுறைக்கு முன்புவரை அது பட்டி வேலையோடு சேர்ந்தே வந்தது. தனிப் பாடமாக யாரும் அதை நடத்தியதில்லை. பட்டி என்பது ஆடுகளை இரவில் அடைக்கும் இடம். மூங்கில் பிளாச்சுகளாலோ முள்ளாலோ பின்னிய படல்களைச் சுற்றிலும் நிறுத்திக் கட்டினால் பட்டியாகும். நிலம் முழுவதற்கும் எரு சேரவேண்டும் என்பதால் சில நாளுக்கு ஒருமுறை படல்களைப் பிடுங்கி அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். அந்தியூருக்கு வடக்கே எழும் பர்கூர் மலையில், செந்நிறத் தோலில் வெண்திட்டுகள் படர்ந்த மலைமாடுகளை வனத்துக்குள் அடைத்துவைக்கும் இடத்துக்கும் பட்டி என்றே பெயர். சமவெளியானாலும் மலையானாலும் பட்டி இருந்த இடத்தில் நாய் இருந்தது, நாய்க்குச் சோறு வைக்க ஒரு சிறுவனும் இருந்தான்.

அச்சிறுவன் கற்றவை எந்த ஏட்டிலும் இல்லையென்றாலும் வீடுகளில் வழங்கிய கண்டிப்புகளில் எஞ்சியிருக்கின்றன. தின்கிற நாயின் தட்டருகே கையைக் கொண்டுபோகக் கூடாது. குட்டி போட்ட நாய் இருக்கும் பக்கம் தலைவைக்கக் கூடாது. தூங்கும் நாயைத் தொடுமுன் குரல் கொடுக்க வேண்டும். நாய் துரத்தினால் ஓடக் கூடாது. களியோ பழைய சோறோ, தனக்குப் போட்டதில் ஒரு கவளத்தை நாய்க்கு ஒதுக்குவது பேணலின் முதற்படியாக இருந்தது. உண்ணியைப் பிடுங்கிப் போடுவதும், காது மடலுக்குள் புண் இருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பதும் அடுத்தபடி. கை வைக்கும்போது வாலும் காதும் உதடும் எப்படி மாறுகின்றன என்பதை நாள்தோறும் பார்த்த பிள்ளைக்கு, நாயின் முகத்தைப் படிப்பது தனியாகக் கற்க வேண்டிய கலையாக இருக்கவில்லை. பழமொழிகள் இவ்வளவு நம்பத்தக்கவை அல்ல. குரைக்கிற நாய் கடிக்காது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளை, நாய் தரும் எச்சரிக்கையை வெற்றுச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளும். பட்டியில் படுத்தவர் எவரும் அந்தப் பழமொழியை உருவாக்கியிருக்க முடியாது.

இந்தக் கல்வியைப் பொற்காலமாக வருணிப்பது பிழை. ஆடு மேய்த்த சிறுவர்களில் பலர் அருந்ததியர் குடும்பங்களிலிருந்து பண்ணையத்துக்கு விடப்பட்டவர்கள். பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் பட்டியைக் காத்தவர்கள். 2000இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ அத்தகைய சிறுவர்களின் உலகத்தையே களமாகக் கொண்ட நாவல். நாயைப் பற்றிய அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை, குழந்தைப் பருவம்.

நாய்க்குத் தமிழர் தந்த மதிப்புக்குச் சான்று தேடுவோர் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைக் காட்டுவார்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து அந்தக் கல், வீரனோடு கோவிவன் என்ற அவனது நாயையும் பெயர் சொல்லி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதைக் குறிக்கிறது. காவலுக்கு உதவும் அதே பல்லினால் பிள்ளைக்கு என்ன நேரக்கூடும் என்பதைக் கல்வெட்டுகள் சொல்வதில்லை. அதைச் சொல்லும் வரலாறு குன்னூரில் இருக்கிறது.

வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியின் கதையே ஒரு குழந்தையில்தான் தொடங்கியது. 1885 ஜூலை 6 அன்று பாரிசில் லூயி பாஸ்டர் தம் மருந்தை முதலில் செலுத்தியது, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு. இந்தியாவில் 1900இல் இமயமலையடிவாரக் கசௌலியில் ஒரு பாஸ்டர் நிலையம் அமைந்தபோதும் தென்னாட்டவருக்கு அது எட்டாத தூரம். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தது தென்னாட்டுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுச்சேர்த்தது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஹென்றி பிப்ஸ் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899 முதலே மலை ரயில் ஓடியதால், அந்தியூரிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவோர் பவானி வழியாக ஈரோட்டுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறிக் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் கடந்து மலையேறக்கூடிய வழி இருந்தது. வழி இருந்தும் எல்லாரும் போகவில்லை. கடிவாயில் சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைத்துக் கட்டி, பத்தியம் இருந்து, நாட்டு மருந்து தின்று காத்திருந்த வீடுகளே மிகுதி.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறைதான் குழந்தைகளின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. வெறிநோய்க் கிருமி ஏற்றிய ஆட்டின் மூளைத் திசுவைக் கரைத்து, பீனாலால் கிருமியைச் செயலிழக்கச் செய்து, அதை அடிவயிற்றில் நாளுக்கு ஒன்றாகச் செலுத்தும் முறை அது. ஆட்டைக் காக்கும் நாய் கடித்தால் ஆட்டின் மூளையே மருந்தானது ஒரு விசித்திரம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பேச்சு அதிலிருந்து பிறந்தது. பெரியவர்கள் பிள்ளைகளை நாயிடமிருந்து விலக்க அந்த எண்ணையே பயன்படுத்தினார்கள். விளைவு நேர்மாறானது: நாய் கீறியதை அம்மாவிடம் சொன்னால் வயிற்றில் ஊசி விழும் என்று அஞ்சிய பிள்ளை, காயத்தைச் சட்டைக்குள் மறைத்தது. நரம்புத் திசு மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004இல் நின்றுவிட்டது. இன்றைய ஊசி கையில், தோலுக்குள், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. 14 என்ற எண் மட்டும் வீட்டுப் பேச்சை விட்டுப் போகவில்லை.

பட்டி கற்றுக்கொடுத்ததைப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கவில்லை. பாரதியின் பாப்பா பாட்டு நாயை மனிதனுக்குத் தோழன் என்று குழந்தைக்கு அறிமுகம் செய்தது. அதற்கு நூறாண்டு ஆனபின்பும் பாடநூல் நாய் வீட்டுக்குக் காவலான நன்றியுள்ள பிராணியாகவே நின்றது. தோழனையும் தொட ஒரு முறை உண்டு என்பதைச் சொல்லும் பக்கம் சேரவில்லை. இதற்கிடையே 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பட்டியிலிருந்த சிறுவர்களைப் பள்ளிக்கு இழுத்துவந்தன. சோறு சிறுவனை மட்டும் இழுக்கவில்லை. தட்டுக் கழுவும் குழாயடியில், சுவரோரம் கொட்டப்படும் மீதிச் சோற்றில், நாய்களும் வந்து கூடின. பட்டியில் இன்ன பையன் போடும் சோற்றைத் தின்னும் நாய் என்று அடையாளம் இருந்தது. பள்ளி வாசலில் நூறு பேர் மிச்சம் வைத்ததைத் தின்னும் நாயை எவரும் தம்முடையதென்று சொல்வதில்லை, ஆகவே அதற்குத் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்கவும் ஆளில்லை.

நகராட்சிகள் நெடுங்காலம் அறிந்திருந்த ஒரே தீர்வு, தெருநாய்களைப் பிடித்துக் கொல்லக் கொண்டுபோகும் நாய் வண்டி. சென்னையில் உருவான புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதால் நாய்களின் எண்ணிக்கை குறைவதில்லை என்று வாதிட்டு, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடும் முறையை முன்வைத்தது; 1996இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது, 2001இல் அது நாடு முழுவதற்குமான விதியாயிற்று. அந்த விவாதத்தில் நாயின் உரிமையும் பெரியவர்களின் அச்சமும் பேசப்பட்ட அளவுக்குக் குழந்தைக்கான பயிற்சி பேசப்படவில்லை. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த நிறுவனம் முதலுதவியாகச் சொல்வது சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவதை. மிளகாய்ப் பொடிக்குப் பழகிய ஊரில் இதைப் பரப்புவது ஊசியைப் பரப்பியதைவிடக் கடினமாகத் தோன்றுகிறது. வட அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படும் முறையில், அறியாத நாய் நெருங்கினால் கைகளை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, மரம்போல அசையாமல் நிற்க வேண்டும். ஓடாதே என்ற பட்டிக் கண்டிப்பும் இதுவும் ஒன்றே. ஆனால் குனிந்து கல்லெடுப்பதுபோலக் காட்டும் நம் ஊர் உத்தியை அந்த முறை ஏற்காது. அஞ்சிய நாய்க்கு அது தாக்குதலின் தொடக்கமாகத் தெரியும்.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற ஆணையிட்டதோடு, விலங்குகளிடம் நடந்துகொள்ளும் முறையையும் கடிக்கான முதலுதவியையும் மாணவர்களுக்குக் கற்பிக்கவும் பணித்தது. அந்த ஆணைக்கு முன்பே கொங்கில் பட்டியின் நிலை தலைகீழாகியிருந்தது. 2024இலும் 2025இலும் காங்கேயம், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றபோது, விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். நரிக்கும் கள்ளனுக்கும் எதிராக நாயை நம்பிக் கட்டிய அதே படலை, இப்போது நாய் நுழையாதபடி இறுக்கிக் கட்டுகிறார்கள்.