மூச்சு வழி வரும் பகை

மும்பையின் வடகிழக்குப் புறநகர்களுள் ஒன்று பாண்டுப். அதன் கிழக்கே உப்பளங்களும் தாணே கழிமுகமும் உள்ளன. மேற்கே மலைச்சரிவும், அதற்கப்பால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்னும் காடும் உள்ளன. இடையில் மத்திய ரயில் பாதை ஓடுகிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒண்டுக் குடித்தனமாயினும் அடுக்கு மாடியாயினும், வாயிற்படியில் ஒரு நாய் படுத்திருப்பது இப்பக்கத்தில் அரிய காட்சி அன்று.

அத்தகைய வீடொன்றில் நள்ளிரவில் நாய் இருமத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வறண்ட, உரத்த இருமல். ஒவ்வொரு முறையும் முடிவில் ஓங்கரித்துச் சிறிது நுரையைக் கக்குகிறது. தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்பார் ஒருவர். மழையில் நனைந்ததனால் வந்த சளி என்பார் மற்றொருவர். இஞ்சிச் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுங்கள் என்பார் மூன்றாமவர். மூவரும் அன்பினாலேயே சொல்கின்றனர். ஆயினும், நாயின் இருமலுக்குப் பின்னால் இருப்பது யாது என்பதை மனிதர் தெளிவாக அறிந்துகொள்ள ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் பிடித்தது. அவ்வரலாற்றை அறிந்தோமாயின், இத்தகைய நள்ளிரவில் நாம் செய்யவேண்டுவது யாது, செய்யத் தகாதது யாது என்பது தானே விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய நாடுகளில் நாய்கள் கூட்டங் கூட்டமாக மடிந்தன. 1760-ஐ ஒட்டி ஸ்பெயினில் காணப்பட்ட கொள்ளைநோய், சில ஆண்டுகளுக்குள் மற்ற நாடுகளையும் எட்டியது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். அது பின்னர்ச் சீழாகத் தடிக்கும். இருமலும் காய்ச்சலும் காணும். பிழைத்தது என்று நாம் நினைத்திருக்கும் வேளையில் கைகால் வெட்டி இழுத்து வலிப்பு வரும். ஆங்கிலேயர் இதனை 'டிஸ்டெம்பர்' என்றனர். உடலின் தாதுக்கள் சமநிலை கெடுவதே நோய் என்று அவர்கள் நம்பிய காலத்துச் சொல் அது. வாத பித்த கபங்கள் மிகினும் குறையினும் நோய் என்று கூறும் மரபில் வந்த நமக்கு அக்கருத்து புதிதன்று. ஆனால், சமநிலை கெட்டது என்று ஒரு பெயர் சூட்டிவிட்டால், அது ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்கு எவ்வாறு தாவுகிறது என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

அக்கேள்வியை எழுப்பியவர்களுள் ஒருவர், அம்மை குத்தும் முறையை உலகுக்குத் தந்த எட்வர்ட் ஜென்னர். 1809-இல் அவர் இந்நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேட்டை நாய்களைக் கூர்ந்து கவனித்த அவர், மனிதரிடையே பெரியம்மை எவ்வாறு பரவுகிறதோ அவ்வாறே நாய்களிடையே இது பரவுகிறது என்று கண்டார். நோயின் அடையாளங்களை அவர் சொல்லிவிட்டார். அதன் காரணத்தைக் காணும் கருவி அவர் காலத்தில் இல்லை.

1905-இல் பிரெஞ்சு நாட்டு மிருக வைத்தியர் காரே என்பவர், நோயுற்ற நாயின் மூக்கு நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா எதுவும் புகமுடியாத அவ்வடிகட்டியைக் கடந்து வந்த நீரும் நோயை உண்டாக்கிற்று. ஆகவே, பாக்டீரியாவினும் நுண்ணியதொரு பொருள், இன்று நாம் வைரஸ் என வழங்குவது, இந்நோய்க்குக் காரணம் என்றார். அவர் கூற்றைப் பலர் ஏற்கவில்லை. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இருமும் நாய்களின் மூச்சுக் குழலில் ஒரு பாக்டீரியா மீண்டும் மீண்டும் காணப்பட்டது. அதுவே டிஸ்டெம்பரின் காரணம் என ஆராய்ச்சியாளர் சிலர் அறிவித்தனர். இரு கட்சியாருக்கும் இடையே நெடுநாள் வழக்கு நடந்தது.

வியப்பு என்னவெனில், இரு கட்சியாரும் தாம் கண்டதை உண்மையாகவே கண்டிருந்தனர். அவர்கள் கண்டவை இரண்டு வெவ்வேறு நோய்கள். காரே கண்டது டிஸ்டெம்பர் வைரஸ். மற்றவர் கண்ட பாக்டீரியா, இன்று போர்டெட்டெல்லா என்னும் இனத்தில் வைக்கப்பட்டுள்ளது. நம் குழந்தைகளை வாட்டும் கக்குவான் இருமலின் கிருமியும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். நாய்கள் நெருக்கமாக அடைபட்டிருக்கும் கொட்டில்களில் பரவும் இருமலுக்கு இப்பாக்டீரியா ஒரு முக்கியக் காரணம். பாரா இன்புளுவென்சா, அடினோ எனப்படும் வைரஸ்களும் அதற்குத் துணை நிற்கின்றன. ஒரே பெயரின் கீழ் இரண்டு பகைவர் ஒளிந்திருந்தமையால், ஒருவனைத் தேடியவர் மற்றவனைப் பிடித்தனர்.

இவ்வழக்கைத் தீர்த்தவர்கள் இங்கிலாந்தில் லேட்லா என்ற மருத்துவரும், டன்கின் என்ற மிருக வைத்தியரும் ஆவர். 1923-இல் 'தி பீல்ட்' என்ற பத்திரிகை நாய் வளர்ப்போரிடம் நிதி திரட்ட, லண்டனை அடுத்த மில் ஹில் பண்ணையில் ஆராய்ச்சி தொடங்கிற்று. அங்கே அவர்கள் முதலிற் செய்தது மருந்து காய்ச்சுவது அன்று. நோயற்ற நாய்களைப் பிறந்தது முதல் வெளியுலகிலிருந்து பிரித்து வளர்த்ததே. வேலி கட்டினர், உள்ளே செல்லும் பணியாளர் குளித்து உடை மாற்றிய பின்னரே நாய்களை அணுகவேண்டும் என விதித்தனர். கீரியைப் போன்று தோன்றும் ஃபெரெட் என்னும் சிறு பிராணிக்கும் இந்நோய் எளிதில் தொற்றும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டனர். 1926-இல் காரே சொன்னதே சரி என நிலைநாட்டினர். 1928-இல் தடுப்பூசி முறையொன்றை வெளியிட்டனர். இக்காலத் தடுப்பூசிகள் அதனினும் செம்மையானவை. எனினும் வழி திறந்தது அங்கேதான்.

இதிலிருந்து மனிதருக்கும் ஒரு நன்மை விளைந்தது. நாய்க்காக வளர்க்கப்பட்ட ஃபெரெட்டுகளிடம் இன்புளுவென்சாக் காய்ச்சல் கண்டவர்களின் தொண்டை நீரைச் செலுத்திப் பார்த்தபோது அவையும் நோயுற்றன. அவ்வழியே 1933-இல் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லேட்லா ஆகிய மூவர் மனிதரின் இன்புளுவென்சா வைரஸைக் கண்டறிந்தனர். நாயின் நோயை ஆராய்வது வீண் செலவு என்பார்க்கு இதனினும் சிறந்த விடை இல்லை.

இனி நம் மும்பைக்கு வருவோம். 1832-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தெருநாய்களைக் கொல்லுமாறு பிறந்த ஆணையை எதிர்த்துப் பார்சிகள் பம்பாயில் கிளர்ந்தெழுந்தனர்; கடைகள் அடைக்கப்பட்டன. நாயைப் பெருந்தொல்லை என்று கருதியவரும், காக்கவேண்டிய உயிர் என்று கருதியவரும் இந்நகரில் அன்றே எதிரெதிர் நின்றனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், பார்சிப் பெருஞ்செல்வர் தின்ஷா பெட்டிட்டின் கொடையினால், அவர் மனைவியார் சகர்பாயின் பெயரில், பரேலில் மிருக வைத்தியசாலை எழுந்தது. 1886-இல் பம்பாய் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. அவற்றை அடுத்த பரேல் மாளிகையில் 1899 முதல் ஹாப்கின் பிளேக் நோய் ஆராய்ச்சி நடத்தினார். 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்கு அவர் தடுப்பூசி கண்டதும், 1897 ஜனவரியில் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டதும் யாவரும் அறிந்தனவே. நோயாளியைப் பிரித்து வைத்தல், நோய் வருமுன் தடுத்தல் என்னும் இரு பாடங்களையும் இந்நகரம் தன் துயரத்தினால் கற்றது. வாயிலில் படுத்திருக்கும் நாய்க்கும் அவ்விரு பாடங்களே பொருந்தும்.

நோயை அறிவது எப்படி? கொட்டில் இருமல் கண்ட நாய் பெரும்பாலும் உற்சாகம் குன்றாமல் இருக்கும், உணவு உண்ணும். கழுத்துப்பட்டையை இழுத்தால் இருமல் கிளம்பும். வாத்து கத்துவது போன்ற அவ்வொலியையும் முடிவில் வரும் ஓங்கரிப்பையும் கண்டே எலும்பு சிக்கியது என ஐயுறுகிறோம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே தணியும். ஆனால் காய்ச்சல், உணவில் வெறுப்பு, சோர்வு, கண்ணிலும் மூக்கிலும் மஞ்சட் சீழ், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் காத்திருத்தல் ஆகாது. குட்டிக்கும் கிழ நாய்க்கும் இருமல் ஒன்றே போதும், வைத்தியரிடம் செல்ல. டிஸ்டெம்பராயின் வாந்தியும் பேதியும் சேரும். பாதத்தின் அடித்தோல் தடித்துக் கடினமாகும். பின்னர் நரம்பைத் தாக்கும். வைரஸைக் கொல்லும் மருந்து இன்றளவும் கைக்கு வரவில்லை. உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சையே உண்டு. உண்மையிலேயே எலும்பு சிக்கியிருக்கவும் கூடுமாதலால், ஐயம் தீர்க்கவேண்டியவர் வைத்தியரேயன்றி அண்டை வீட்டார் அல்லர். நமக்கு வாங்கி வைத்த காய்ச்சல் மாத்திரையையோ இருமல் மருந்தையோ நாய்க்குக் கொடுப்பது பெருந்தவறு. பாராசிட்டமால் போன்றவை நாயின் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

தடுப்பது எப்படி? குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, பதினாறு வாரம் நிறையும் வரையிலேனும் தொடரவேண்டும். ஒரே ஊசி போதாதோ என்று கேட்போர் உண்டு. தாய்ப்பாலின் வழி வந்த காப்பு குட்டியின் உடலில் உள்ளவரை தடுப்பூசி நன்கு வேர் பிடிப்பதில்லை; அக்காப்பு எந்நாளில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகையால் இடைவெளி விடாது தொடர்கிறோம். பின்னர் ஓராண்டுக்குள் ஊக்க ஊசி; அதன்பின் வைத்தியர் குறிக்கும் காலத்தில். கொட்டில் இருமலுக்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் நாயைக் காப்பகத்தில் விட்டுச் செல்கின்றன. பல வீட்டு நாய்கள் ஒரே கூரையின் கீழ் மூச்சு விடும் இடம் அது. ரயிலில் இடம் பதிவு செய்யும் நாளிலேயே இம்மருந்தைப் பற்றியும் வைத்தியரைக் கேட்டுவிடுவது நலம்.

நாய் இருமினால் தனியிடம், தனிப் படுக்கை, தனிக் கிண்ணம். இருமல் நின்ற பின்னும் வைத்தியர் சொல்லும் நாள்வரை மாடிப்படியிலும் தெருவிலும் மற்ற நாய்களோடு பழக விடலாகாது. தொட்ட கையைச் சோப்பினால் கழுவவேண்டும். டிஸ்டெம்பர் வைரஸ் உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்குவதன்று. சோப்பும் வெயிலும் அதற்குப் பகை. மனிதருக்கு அந்நோய் வருவதில்லை. ஆனால் நம் கையும் உடையும் அதனைச் சுமந்து செல்லக் கூடும். மில் ஹில் பணியாளர் உடை மாற்றியது அதற்காகவே.

இவை யாவும் ஒரு வீட்டுக்குள் அடங்கும் காரியங்கள் என்று எண்ணிவிடலாகாது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில் டிஸ்டெம்பர் புகுந்து, அங்குள்ள சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாய்த்தது. அதன்பின் சுற்றுப்புற ஊர்களின் நாய்களுக்குத் தடுப்பூசி போட முற்பட்டனர். 2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குஜராத்தின் கிர் காட்டில் 23 சிங்கங்கள் மடிந்தன; இறந்தவற்றிலும் டிஸ்டெம்பர் வைரஸ் இருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. ஆசியச் சிங்கத்துக்கு இவ்வுலகில் எஞ்சியுள்ள இயற்கை வாழிடம் அப்பகுதி ஒன்றே என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு பதைக்கிறது.

பாண்டுப்பின் மலைச்சரிவில் கடைசி வீட்டுக்கு அப்பால் காடு தொடங்குகிறது. அக்காட்டுச் சிறுத்தைகள் இரவில் இறங்கி வந்து நாய்களைப் பிடித்து உண்கின்றன. அவற்றின் உணவில் நாய்க்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டு நாய் தெருநாயோடு மூக்கை உரசுகிறது; தெருநாய் குப்பை மேட்டைக் கடந்து காட்டின் ஓரம் வரை செல்கிறது; சிறுத்தை அங்கே காத்திருக்கிறது. சுவரும் வேலியும் நமக்கு எல்லை. மூச்சுக்கு எல்லை இல்லை.

ஆகவே, நம் வீட்டுக் குட்டிக்குத் தடுப்பூசி போடச் செல்லும் நாளில், தெரு முனையில் நாம் நாள்தோறும் சோறு வைக்கும் குட்டியையும் நினைவு கொள்வோம். நான்கு குடித்தனங்கள் சேர்ந்து அதன் செலவைப் பகிர்ந்துகொண்டால் எவருக்கும் சுமையாகாது. ஜென்னர் கண்டதும், காரே வடித்ததும், மில் ஹில்லில் வேலி கட்டியதும் நம் தெரு முனையில் முழுமை பெறுவது அவ்வாறுதான்.