மாறிய எண்ணும் மாறாத மொத்தமும்

ஜொகூர் தோட்டங்களில் பால் நிறுத்தபின் கிராணியார் செக்ரோலில் எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் பெயருக்கு நேரே 18 கிலோ என்றிருந்ததை 20 என்று திருத்தினால், அன்றைய மொத்தம், மாத மொத்தம், சம்பளம் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் கைக்கு வரும் வெள்ளி குறையும். எது மறந்தது என்று தாள் சொல்லாது.

இந்தக் குறையை நீக்க வந்ததே கணினியின் விரிதாள். 1969-இல் ரெனே பார்டோ, ரெமி லாண்டாவ் ஆகிய இருவர் 'லான்பார்' என்பதை உருவாக்கினர். ஒரு கட்டத்தின் விடைக்கு வேறொரு கட்டத்தின் விடை தேவையானால், அதை முதலில் கணக்கிட்டது லான்பார்.

1979-இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கு 'விசிகால்க்' கொண்டுவந்தனர். அது வரிசை வரிசையாகவோ பத்தி பத்தியாகவோதான் கணக்கிட்டது. மேல் கட்டம் கீழ் கட்டத்தை நம்பியிருந்தால் பழைய விடையே நின்றுவிடும். ஆச்சரியக்குறியை மீண்டும் அழுத்திப் புதுப்பிக்க வேண்டும்.

1983-இல் வந்த 'லோட்டஸ் 1-2-3', எதற்கு எது தேவையோ அந்த ஒழுங்கில் கணக்கிட்டது. ஆனால் தாள் பெரிதானால் கணினி திணறும். அதனால் பலர் தானாகக் கணக்கிடுவதை நிறுத்தி வைத்தனர். அப்போது ஓர் எண்ணை மாற்றினால் திரையின் அடியில் 'கால்க்' என்ற சொல் தோன்றும். 'மொத்தம் பழையது, கணக்கிடு' என்பதே அதன் பொருள். எஃப்9 விசையை அழுத்தினால் அது மறையும்.

1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த எக்செல், இன்று அலுவலகங்களில் பரவியிருக்கிறது. ஓர் எண் மாறினால், அதை நம்பியிருக்கும் கட்டங்களுக்கெல்லாம் 'இது பழையது' என்று அடையாளம் இடுகிறது. லயத்தில் ஒரு வீட்டுக்குச் சொன்ன செய்தி அடுத்தடுத்த வீட்டுக்குப் போவதைப் போன்றது இது. பின்னர் அடையாளம் பெற்றவற்றை மட்டும் கணக்கிடும். தானாகக் கணக்கிடுவதை நிறுத்தியிருந்தால், அடியில் 'கால்குலேட்' என்று காட்டும்.

நேயர்களே, ஒன்றை மறக்க வேண்டாம். அந்தச் சொல் திரையில்தான் தெரியும். அச்சிட்ட சம்பளச் சீட்டில் வராது. பழைய மொத்தமும் புதிய மொத்தத்தைப் போலவே அழகாக அச்சாகும்.

இன்று பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. கிலோவுக்குப் பதில் குலை எண்ணுகிறோம். கூட்டல் மட்டும் மாறவில்லை. சீட்டு வந்த மாலை பிள்ளையை அருகில் அமர்த்திக் கூட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் தயங்காமல், "திருத்திய பிறகு மறுபடி கணக்கிட்டீர்களா, ஐயா?" என்று கேளுங்கள். அது சண்டையன்று, கணக்கு.